கார்த்திகைக் கொழுக்கட்டையும் பரிசேயனின் ஸ்தோத்திரமும்: குமரி மாவட்டப் பிரசங்கிமாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய ஐயர்மாருக்கும், பாஸ்டர்மாருக்கும், கன்வென்ஷன் மேடைகளில் செய்தி கொடுக்கும் ஊழியக்காரருக்கும், அவர்களை அழைத்து மேடையேற்றும் சபைக் கமிட்டியாருக்கும் வணக்கம். வழக்கம்போல ‘ஸ்தோத்திரம்’ என்றே தொடங்கியிருப்பேன். அந்தச் சொல்லை நாம் எதற்கெல்லாம் எடுக்கிறோம் என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுவதால், அதை முகப்பில் வைக்கக் கை கூசுகிறது.

நான் திருவட்டாறு பக்கம் ஓர் ஊரில் 26 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தி வருபவள். இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் கடையில் கணக்கெழுதுகிறார்; எனக்குத் தையல் வேலை. சொல்லப்போகும் காரியத்தை நேரில் சொல்லாமல் ஊரறிய எழுதுவது முறையா என்று பல நாள் யோசித்தேன். இருவரிடம் நேரிலேயே சொன்னேன். ஒருவர், சத்தியம் கசக்கத்தான் செய்யும் என்றார். மற்றவர், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர்களோ காணிக்கை எண்ணி முடிவதற்குள் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களை எங்கே போய்ப் பார்ப்பது? மேலும், அவர்கள் பேசியவை குழாய் ஒலிபெருக்கியில் நாலு தெருவுக்கும் கேட்டவை. ஊர் கேட்கச் சொன்னதற்கு ஊர் கேட்கவே மறுமொழி எழுதுவதில் தப்பில்லை என்று பட்டது.

சென்ற ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறுகளில் ஒன்றில், வகுப்பு முடியும்போது பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வரி ஸ்தோத்திரம் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். அம்மா அப்பாவுக்காக, அரைப்பரீட்சைக்காக, புது சைக்கிளுக்காக என்று வழக்கமான வரிகள் வந்தன. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, “ஆண்டவரே, பக்கத்து வீட்டு ஆச்சியப் போல பிசாசக் கும்பிடுத வீட்டுல எங்களப் பிறக்க வைக்காததுக்காக உமக்கு ஸ்தோத்திரம்” என்றாள். மற்றப் பிள்ளைகள் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன், பழக்கதோஷம். வீட்டுக்கு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் எதற்கு ஆமென் சொன்னேன் என்பது உறைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு வேதத்தை எடுத்து லூக்கா 18ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்த்தேன். தேவாலயத்தில் ஜெபிக்க வந்த பரிசேயன், அதாவது யூதக் கட்டளைகளைக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட பிரிவினன், தூரத்தில் நின்ற வரிவசூலிப்பவனாகிய ஆயக்காரனைக் காட்டிச் செய்யும் ஜெபம் அது. “மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்.” ஆயக்காரன் நின்ற இடத்தில் ஆச்சி நிற்கிறாள், வேறு வித்தியாசம் இல்லை.

எட்டு வயதுப் பிள்ளை அந்த ஜெபத்தைத் தானாக இட்டுக்கட்டியிருக்க முடியாது. அவளுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று தேடினேன். அவள் வீட்டு அடுக்களையிலும், கன்வென்ஷன் பந்தலிலும், என் வகுப்பிலும் போய் நின்றேன்.

அடுக்களையை முதலில் சொல்கிறேன். திருக்கார்த்திகைக்கு நம் பக்கத்தில் விளக்கேற்றும் வீடுகளில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பச்சரிசி மாவில் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் சிறுபயறும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, பனங்குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி, பானையில் அடுக்கி அவித்தால் தெருவே மணக்கும். எழுபதைக் கடந்த அந்த ஆச்சி, கால் வலியோடு, ஒரு தூக்குச்சட்டியில் பத்துப் பன்னிரண்டு கொழுக்கட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வந்தபோது, குடும்ப ஜெபத்துக்காகப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். பிள்ளையின் அம்மா சிரித்த முகமாக வாங்கினாள். சட்டியைக் கழுவி, வெறுமையாய்க் கொடுக்கக் கூடாதென்று ஒரு கை சீனி போட்டுத் திருப்பியும் கொடுத்தாள். ஆச்சி படியிறங்கியதும் அவ்வளவையும் புறவாசலில் தென்னை மூட்டில் கொட்டினாள். ஓலைக்கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. கோழிகள் வந்து கொத்திப் பார்த்துவிட்டு, ஓலை விலகாததால் போய்விட்டன. பிள்ளை கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன்; வாய் திறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர்தான். மறுநாள் முற்றம் பெருக்க வந்த ஆச்சி அந்த ஓலைகளைப் பார்த்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்று இங்கே வழக்காட வரவில்லை. அது அவரவர் மனச்சாட்சி. கொரிந்து சபையில் இதே கேள்வி எழுந்தபோது, “அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்” என்றுதான் பவுல் பதிலையே தொடங்குகிறார். அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால், ஒன்றையும் விசாரியாமல் முன் வைத்ததைப் புசியுங்கள் என்று முதலாம் நிருபம் 10ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அதற்கு அடுத்த வசனம், படைத்தது என்று ஒருவன் சொன்னால் புசியாதிருங்கள் என்று சொல்வதை நீங்கள் எனக்கு நினைவூட்டுவீர்கள். உண்மைதான். அதற்கும் அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள் என்பதே என் வேண்டுகோள்: “உன்னுடைய மனச்சாட்சியைக்குறித்து இப்படிச் சொல்லாமல், மற்றொருவனுடைய மனச்சாட்சியைக்குறித்தே சொல்லுகிறேன்.” உண்டாலும் விட்டாலும் எதிரே இருப்பவனின் மனசு பவுலுக்குக் கணக்கில் இருந்தது. தென்னை மூட்டில் அது கணக்கில் இல்லை.

அந்தத் தாயை நான் குற்றம் சொல்லவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு எங்கள் ஊர்க் கன்வென்ஷனில் பேசியவர், விளக்கேற்றும் வீடுகள் எல்லாம் பிசாசின் பிடியில் இருப்பவை என்றும், அங்கிருந்து ஒரு பருக்கை உன் நாவில் பட்டால் உன் அபிஷேகம் போயிற்று என்றும் முழங்கினார். பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆச்சியின் வீடு பந்தலிலிருந்து ஐம்பது எட்டு வைத்தால் போய்விடும் தூரம். குழாய் அந்தத் திசையைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். மேடையில் ‘அவர்கள்’ என்று நீங்கள் சொல்லும்போது அந்த அவர்கள் வேறு தேசத்தில் இல்லை. மண்சுவருக்கு அந்தப் பக்கம் பாய்விரித்துப் படுத்திருக்கிறார்கள். தூங்கவிடாமல் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தின்போது நான் சிறுமி. புரளி வராத நாளில்லை. அப்பா கதவை உள்ளே தாழிட்டு எங்களை விளக்கில்லாமல் உட்காரவைத்திருந்த இரண்டு இரவும், ஆச்சியின் கணவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து படுத்திருந்தார். யாரும் போய் அழைக்கவில்லை. விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். அவர் இன்று இல்லை. அவர் எங்கே போயிருப்பார் என்பதைக் கன்வென்ஷன் பேச்சாளர் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லிவிட்டார்.

மூன்றாவது என் வகுப்பு. வார்த்தையில்லாப் புத்தகம் உங்களுக்கெல்லாம் தெரியும்: கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பொன் என்று வண்ணத் தாள்கள் மட்டும் கொண்டது. கறுப்புப் பக்கத்தைக் காட்டி இது பாவ இருதயம் என்று 26 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். யாருடைய இருதயம் இப்படி இருக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்கள்: குடிக்கிறவங்க, கோயிலுக்குப் போறவங்க, சினிமா பார்க்கிறவங்க, ஆர்.சி.காரங்க (கத்தோலிக்கர்). ஒரு பிள்ளைகூட இத்தனை ஆண்டுகளில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியதில்லை. நான் அதைக் கவனித்ததும் இல்லை. சரியான பதில் என்று தலையாட்டிவிட்டுச் சிவப்புப் பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

பரிசேயன் உவமையை வைத்து நீங்கள் பிரசங்கிக்காத ஆண்டு இல்லை. நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை என்று நாம் மகிழ்ந்தால் நாமும் பரிசேயரே என்னும் திருப்பமும் நாம் பலமுறை கேட்டதுதான். கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். எனக்குப் பயம் தருவது வேறு. அந்த மனிதன் பொய் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் பாவநிவிர்த்தி நாளில் ஒரு நாள் உபவாசத்தைத்தான் கேட்டது. அவன் வாரத்தில் இரண்டுதரம் இருந்தான். கேட்டதற்கு மேல் கொடுத்தவன். பெருமையையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றே தொடங்குகிறான். எல்லாம் கிருபை என்று சொல்லிக்கொண்டே ஒருவன் சுயநீதிக்காரனாக இருக்க முடியும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது. அவனுடைய ஸ்தோத்திரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தூரத்தில் ஆயக்காரன் நின்றிருக்காவிட்டால் அவன் ஜெபம் பாதியில் நின்றிருக்கும். நம்முடைய எத்தனை சாட்சிகள், எத்தனை செய்திகள், பக்கத்தில் ஒருவரை நிறுத்திவைக்காமல் முடிவு வரை போகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முன்பு எங்கள் சேகரத்தில் (போதகர் ஒருவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில்) இருந்த ஒரு ஐயர், புதன்கிழமை வேதபாடத்தில் ஒரு செய்தி சொன்னார். அவர் பெயரை அவர் அனுமதியில்லாமல் இங்கே எழுதமாட்டேன். ஆதிச் சபைக்காகத் தொகுக்கப்பட்ட திதாகே என்னும் பழைய ஒழுங்கு நூலில், மாயக்காரர் வாரத்தின் இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் அவர்களோடு உபவாசிக்க வேண்டாம், புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்று இருக்கிறதாம். திங்களும் வியாழனும் போய்ப் புதனும் வெள்ளியும் வந்தன; வாரத்தில் இரண்டுதரம் என்பது அப்படியே நின்றது, மற்றவனைப் போல அல்ல என்பதும் நின்றது. அன்று வேதபாடத்தில் நாங்கள் சிரித்தோம். ஐயர் சிரிக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றை நான் வேதத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மற்றவர்களை ‘அற்பமாயெண்ணின’ சிலரைக்குறித்து இந்த உவமை சொல்லப்பட்டது என்று லூக்கா தொடங்குகிறார் அல்லவா, அங்கே உள்ள கிரேக்கச் சொல்லையே, ஏரோது தன் போர்ச்சேவகரோடுகூட இயேசுவை நிந்தித்தான் என்று 23ஆம் அதிகாரத்தில் சொல்லும்போதும் அவர் பயன்படுத்துகிறாராம். அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தில் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின்முன் நின்று “உங்களால் அற்பமாய் எண்ணப்பட்ட அவரே” என்று சொல்லும் இடத்திலும் அதே சொல். ஒருவனை ஒன்றுமில்லாதவனாக ஆக்குவது என்று அதற்குப் பொருள். தேவாலயத்தில் பரிசேயன் ஆயக்காரனுக்குச் செய்ததும், அரண்மனையில் ஏரோது ஆண்டவருக்குச் செய்ததும் லூக்காவின் கணக்கில் ஒரே செயல். அரண்மனையில் நடந்ததைப் பெரிய வெள்ளியன்று அழுது வாசிக்கிறோம். தேவாலயத்தில் நடந்ததை மற்ற வாரங்களில் நாமே மைக் வைத்து நடத்துகிறோம்.

‘பரிசேயன்’ என்னும் சொல்லையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதும் நியாயமில்லை. பவுல் தன்னைப் பரிசேயன் என்று எழுதுகிறார். இரவிலே வந்த நிக்கொதேமு பரிசேயன். அப்போஸ்தலரைக் கொல்ல வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேலும் பரிசேயன்.

இனி நம் சொந்த வரலாற்றுக்கு வருகிறேன். மற்ற எந்த ஊர்ச் சபையைவிடவும் நமக்கு இந்தப் பாவம் அதிகம் கூச வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம். ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க விடப்படாத சாதியில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய் வேதத்தைக் கேட்டுவந்து, மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் மயிலாடிக்கு வந்து, 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது, எல்லாராலும் அற்பமாயெண்ணப்பட்டவர்களின் கதை. நம் பாட்டிகளுடைய பாட்டிகள் தோளை மறைக்க ஒரு துண்டுத் துணிக்காக அடியும் அவமானமும் பட்டார்கள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை நீங்கவில்லை. அந்தப் ‘போல’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அரண்மனை நம்மைப் பார்த்து, அவர்களைப் போல நீங்கள் ஆகக் கூடாது என்றது. நம் பிள்ளை இன்று கண்ணை மூடிக்கொண்டு, அவர்களைப் போல நாங்கள் இல்லாததற்காக ஸ்தோத்திரம் என்கிறது.

நற்செய்தி கொண்டுவந்தவர்களும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. நாகர்கோவிலில் அச்சுக்கூடமும் பள்ளிகளும் நிறுவிய மீட் ஐயர் 1852இல் இந்நாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை மணந்தபோது, உடன் ஊழியம் செய்த மிஷனெரிமாரே அதைப் பொறுக்கமாட்டாமல் போனார்கள்; அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. ஞானஸ்நானம் கொடுக்கத் தகுந்த கை, மோதிரம் போடத் தகாத கையாயிற்று. இதையெல்லாம் நூற்றாண்டு விழா மலர்களில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

இப்போது நமக்குள்ளேயே நடப்பதைப் பாருங்கள். ஆர்.சி.காரரை மாதாவைக் கும்பிடுகிறவர்கள் என்றும், சி.எஸ்.ஐ.காரரை (தென்னிந்தியத் திருச்சபையாரை)ப் பெயர்க் கிறிஸ்தவர்கள் என்றும், பெந்தெகொஸ்தேக்காரரை அல்லேலூயாக் கூட்டம் என்றும் சொல்லாத வீடு நம்மில் உண்டா? கடைசியாகச் சொன்ன கேலி எங்கள் சபை முற்றத்தில்தான் அதிகம் கேட்கும், ஆகையால் பழியை ஒரு பக்கம் மட்டும் போட மாட்டேன். மலையோரத்தார் கடற்கரையாரைப் பேசும் பேச்சையும், சாதி பார்த்துப் பெண் கொடுத்துவிட்டு ‘விசுவாசக் குடும்பம்’ என்று கல்யாண அழைப்பிதழில் அச்சடிப்பதையும் இங்கே விரிக்கவில்லை. விரித்தால் மடல் முடியாது. நட்டாலத்தில் பிறந்து, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் அறிவிக்கப்பட்டபோது, செத்தவனுக்குப் பட்டமாம் என்று ஒரு மேடையில் கேலி பேசப்பட்டது. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த நம் மண்ணின் மனிதர் ஒருவரைப் பற்றி அப்படிப் பேச எப்படி நா எழுந்ததோ தெரியவில்லை.

உறவு வீட்டு அடக்கத்துக்காக ஒருமுறை கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்கு இருந்தேன். சபையார் முழுவதும் “என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே” என்று மார்பில் தட்டிக்கொண்டார்கள். ஆயக்காரன் தன் மார்பிலே அடித்துக்கொண்டான் என்று வாசித்து வாசித்து வளர்ந்த எனக்கு, அதை உடம்பால் செய்கிறவர்களை அன்றுதான் கண்ணால் பார்க்க வாய்த்தது. அய்யா வைகுண்டரை வழிபடுகிறவர்களின் தலமான சாமிதோப்புப் பதியைப் பற்றியும் நம் மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே பள்ளியறையில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள்; முன்னால் நிற்பவன் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அவர்கள் போதனையும் நம் போதனையும் வேறு, அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் யாக்கோபு நிருபத்தில் கண்ணாடியில் தன் சுபாவமுகத்தைப் பார்த்து உடனே மறந்துபோகிறவனைப் பற்றி எழுதியிருப்பது நம்மை நோக்கி அல்லவா?

வசனங்களையே இகழ்ச்சிக்கு ஏற்றபடி வளைக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். “எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தைபோல இருக்கிறது” என்ற ஏசாயா 64:6ஐ, அயலார் செய்யும் தானதருமங்களைக் காட்டி எடுத்துப் பேசுகிறார்கள். ‘எங்களுடைய’ என்று அச்சில் இருக்கிறது. தீர்க்கதரிசி தன்னையும் தன் ஜனத்தையும் சேர்த்துக்கொண்டு தேவனிடம் அழுத அழுகை அது. அதை எடுத்து ஆச்சியின் கொழுக்கட்டைமேல் எறியலாகாது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைத் தாமே எடுத்துக்காட்டி, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்களென்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்று ஆண்டவர் லூக்கா 13இல் வெட்டென்று சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பிணங்களை அடக்கிய மண் காயும் முன்னே, அது விக்கிரகாராதனைக்கு வந்த தண்டனை என்ற செய்தி மலையோரச் சபைகளில் கேட்டது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துப் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நாட்கணக்கில் கரையில் உட்கார்ந்திருந்தபோதும் அதையே வேறு வார்த்தையில் கேட்டேன். அன்று எங்கள் பக்கத்தில் ரப்பரும் வாழையும் முறிந்து கிடந்தன. அது எந்தப் பாவத்துக்கு என்று யாரும் விளக்கம் சொல்லவில்லை. காப்பீட்டு விண்ணப்பம்தான் எழுதினோம்.

ஓர் அடக்க ஆராதனையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அதிகாலை மூன்று மணிக்கே தோட்டத்துக்குப் போகிறவர். குடிப்பார்; அதை மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை தொடங்கியபின் வந்து, கோவிலுக்கு வெளியே மாமரத்து மூட்டில் இருந்து, ஆசீர்வாதம் கூறும் சத்தம் கேட்டதும் எழுந்து போவார். உள்ளே வரலாமே என்று ஒருநாள் கேட்டேன். “நாறும் டீச்சர்” என்றார். ஒட்டுப்பால் வாடை கையை விட்டுப் போகாது என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவர் இறந்தபோது வீட்டு முற்றத்தில் செய்தி கொடுத்தவர், இந்தச் சகோதரனுக்கு ஆண்டவர் கொடுத்த தருணங்கள் முடிந்துவிட்டன, உங்களுக்கு இன்னும் முடியவில்லை என்று பெட்டியைக் கைகாட்டிப் பேசினார். பெட்டியின் தலைமாட்டில் அவர் மனைவி இருந்தாள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். தூரத்திலே நின்றவன் நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான் என்று எழுதிய அதிகாரம் அவர் கையிலிருந்த புத்தகத்திலும் இருந்தது.

அப்படியானால் பாவத்தைப் பாவம் என்று சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும். குடியைக் குடி என்றும், வட்டியை வட்டி என்றும், வரதட்சணையை வரதட்சணை என்றும் சொல்லுங்கள். ஆனால் கடிந்துகொள்ளுதலுக்கும் இகழ்ச்சிக்கும் நடுவே வேதமே கோடு கிழித்திருக்கிறது. “மாயக்காரராகிய வேதபாரகரே! பரிசேயரே! உங்களுக்கு ஐயோ” என்று ஆண்டவர் சொன்னது, எதிரே நின்று மறுமொழி சொல்லக்கூடியவர்களை நோக்கி, அதிகாரம் கையிலிருந்தவர்களை நோக்கி. பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் நாத்தான் போனபோது, ஆட்டுக்குட்டியைப் பறித்த எவனோ ஒருவனைப் பற்றிய கதையைக் கேட்டு ராஜாவுக்குக் கோபம் மூண்டது. அந்த மனுஷன் மரணத்துக்குப் பாத்திரன் என்று அவன் ஆத்திரப்பட்ட கணத்தில், “நீயே அந்த மனுஷன்” என்று தீர்க்கதரிசி திருப்பினான். நம் மேடைகளில் கதையின் முதல் பாதி மட்டும் நடக்கிறது. ஜனங்களுக்கு எவனோ ஒருவன்மேல் கோபத்தை மூட்டுகிறீர்கள்; அவர்கள் மூண்ட கோபத்தோடேயே ஆமென் சொல்லி வீட்டுக்குப் போகிறார்கள். எழுந்து பதில் சொல்ல முடியாதவர்களைப் பற்றி, வராதவர்களைப் பற்றி, செத்தவர்களைப் பற்றிப் பேசுவதற்கு எந்த அபிஷேகமும் வேண்டாம். அதை நாங்கள் தண்ணீர்க் குழாயடியில் தினமும் செய்கிறோம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடக்க வீட்டில் செத்தவரின் முடிவைத் தீர்க்க வேண்டாம். அந்த நாற்காலி உங்களுடையதல்ல. அயல் வீட்டாரின் விளக்கையும் படையலையும் செய்திக்கு உவமையாக எடுப்பதாயிருந்தால், அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு அதே வார்த்தைகளைச் சொல்ல முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கமிட்டியார் பேச்சாளரை அழைக்கும்போது, கூட்டம் சேர்ப்பாரா என்று விசாரிப்பதோடு, முந்தின ஊரில் என்ன பேசினார் என்றும் விசாரியுங்கள். குழாயைப் பந்தலுக்குள் திருப்பிக் கட்டுங்கள். எங்களுக்குத்தான் செய்தி தேவை.

என் பங்குக்கு நானும் சிலவற்றைச் செய்திருக்கிறேன். கறுப்புப் பக்கத்தைக் காட்டும்போது இப்போது முதலில் என் நெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அந்தத் தாயிடம் போய், அன்று நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தின்னா ஒண்ணும் ஆயிருக்காதோ டீச்சர்?” என்றாள். ஆச்சி வீட்டுக்கும் போனேன். மன்னிப்பு என்ற சொல்லை அங்கே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கார்த்திகைக்கு எனக்கும் நாலு கொழுக்கட்டை வேண்டும் என்று கேட்டேன். “தின்னுவியளா, கொட்டிருவியளா?” என்றார். உங்கள் முன்னாலேயே தின்கிறேன் என்றேன்.

இம்மடலுக்கு மறுமொழி சொல்ல விரும்புகிறவர்கள் மேடையிலிருந்து சொல்ல வேண்டாம். என் வீட்டுக்கு வாருங்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளி எது என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கட்டன்சாயா போட்டுத் தருகிறேன். நான் எழுதியதில் தப்பிருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். போகிற வழியில் இடப்பக்கம் மண்சுவர் வைத்த வீடு ஆச்சியுடையது. அங்கேயும் ஒரு நிமிஷம் ஏறி, கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி,
திருவட்டாறு பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.